சீதாலட்சுமியின் மதியம்

சீதாலட்சுமி வேலையை விடப்போகிறாள் என்பது பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல்லில் அவள் குடியிருந்த சந்து முழுக்கத் தெரிந்த சங்கதி. கம்பெனிக்கு மட்டும்தான் தெரியாது. பொங்கலோடு நின்றுவிடுகிறேன் என்றாள். பிறகு யுகாதி போகட்டும் என்றாள். வரலட்சுமி நோன்பு வந்தபோது, இந்த ஒரு மாதம் மட்டும் என்றாள். பண்டிகைகள்தான் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் கழுத்தில் கம்பெனி கார்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

வேலை அத்திப்பள்ளி ரோட்டில், தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கோடவுனில். ஆன்லைனில் துணி விற்கிற கம்பெனி. விற்ற துணியில் ஏகப்பட்டது, வாங்கியவர்களுக்குப் பிடிக்காமல் திரும்பி வந்துவிடும். அப்படி வரும் பொட்டலங்களைப் பிரித்துப் பார்க்கிற ரிட்டன் செக்‌ஷனில் சீதாலட்சுமிக்கு ஒரு மேஜை. பிரிக்க வேண்டும், உதற வேண்டும், அக்குள் பக்கம் மோந்து பார்க்க வேண்டும், காலரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டு, கலர் சரியில்லை என்று திருப்பி அனுப்பும் மகராசிகள் உண்டு. முந்தானை ஓரத்தில் மஞ்சள் தடவிச் சாமி கும்பிட்டுவிட்டு, அதற்கப்புறம் மனசு மாறியவர்களும் உண்டு. நல்லதை மடித்து ஒரு பக்கம், கறைபட்டதை இன்னொரு பக்கம் போட்டு, துப்பாக்கி மாதிரி இருக்கிற ஸ்கேனரை எடுத்து ஒரு சுடு சுட்டால் அந்தத் துணியின் கதை முடிந்தது. உடனே அடுத்த துணி வந்து நிற்கும். ஊரார் வியர்வையை இப்படி மோந்து பார்ப்பதற்கு என்ன சம்பளம் என்று கேட்காதீர்கள். சொன்னால் அவளுக்கும் வெட்கம், கேட்ட நமக்கும் வெட்கம்.

உட்கார நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் கை மெதுவாகப் போகும் என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தவர் உட்கார்ந்துகொண்டுதான் கண்டுபிடித்திருப்பார். சாயங்காலம் ஆனால் சீதாலட்சுமியின் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரியும்.

பார்ட் டைம் வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். மதிய ஷிஃப்ட். காலையில் வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம், உச்சிவேளைக்கு வேன் வந்து கூட்டிப்போகும், விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடும். நாளில் பாதி வீட்டுக்கு, பாதி கம்பெனிக்கு என்று கணக்குப் போட்டுத்தான் சேர்ந்தாள். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, வீடு தன் பாதியை விட்டுக்கொடுக்கவே இல்லை. மதியம் செய்ய வேண்டிய வேலையெல்லாம் காலைக்கும் இரவுக்கும் நகர்ந்து போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

புருஷன் சாமிநாதன் ஜிகணியில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆன புதிதில் இருவரும் இங்கே வந்தவர்கள். கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. ஃபேக்டரியில் எங்கே பைப் ஒழுகினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் போன வருஷத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒரே மகள் தர்ஷினி பி.யு.சி. படித்தாள்.

நவராத்திரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சாயங்காலம். வேனிலிருந்து இறங்கி வந்த சீதாலட்சுமி வீட்டுப் படி ஏற முடியாமல் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க வரவில்லை. வாசலுக்கு வந்த தர்ஷினி பயந்துபோய் அப்பாவைக் கூப்பிட்டாள்.

“போதும்ங்க. இந்தத் தடவை நெசமாவே விட்டுடறேன்” என்றாள் சீதாலட்சுமி.

“எத்தினி நாளா சொல்றேன் நானு! விட்டுத் தொலை சீதா. நாம என்ன சோத்துக்கு இல்லாமயா இருக்கோம்?” என்றான் சாமிநாதன். உள்ளே போய்த் தைல டப்பாவை எடுத்துவந்தும் கொடுத்தான். மூடியை அவளே திறந்து, அவளே தேய்த்துக்கொண்டாள். இருந்தாலும் மனசு லேசாகத்தான் இருந்தது. சொல்லியாயிற்று. இந்தத் தடவை பேச்சு மாறக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே பங்கு பிரிக்கிற வேலை ஆரம்பமாகிவிட்டது.

முதலில் சாமிநாதன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான்: “நல்லதாப் போச்சு. இனிமே மதியானம் நான் வீட்டுக்கே வந்துடறேன். டப்பாவுல ஆறிப்போன சோத்தைத் தின்னுத் தின்னு நாக்கு செத்துப்போச்சு. சுடச்சுட ஒரு ரசம் வெச்சாப் போதும், பெருசா ஒண்ணும் வேணாம்.”

அதைக் கேட்ட தர்ஷினி, “அப்ப எனக்கும் டிபன் கட்டாதம்மா. நானும் வந்துடறேன். கூட ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் வருவாங்க, ஒண்ணா உக்காந்து படிக்க” என்றாள்.

மதியத்துக்குள் போன் வந்தது. சாமிநாதனின் தங்கை ருக்மிணி. பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள். புருஷனும் அவளும் கார்மெண்ட்ஸில் வேலை.

“அண்ணி! அண்ணன் சொல்லுச்சு. வேலைய விடறீங்களாமே! எனக்குப் போன உசிரு வந்துச்சு அண்ணி. பசங்களை ஸ்கூல்லருந்து கூட்டியாந்து, ரெண்டு வாய் சோறு போட்டுத் தூங்க வெச்சீங்கன்னாப் போதும். நான் வந்து அழைச்சிக்கினு போயிடறேன். வேற ஆருகிட்ட நான் கேப்பேன், சொல்லுங்க?”

வேற யாரிடம் கேட்பாள், பாவம். சீதாலட்சுமியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. ம் என்றாள். ருக்மிணிக்கு அது போதும்.

துணி காயப்போட மாடிக்குப் போனால் வீட்டுக்காரம்மா லட்சுமம்மா. கன்னடக்கார அம்மாள், நல்ல மனசு, நிறைய பேச்சு. “ஒள்ளேதாய்த்து பிடு சீதம்மா, நல்லதாச்சு. கால் நோவு இட்டுக்கினு எத்தனை நாள் ஓடுவே? மதியானம் ஃப்ரீ இருப்பே இல்லே? நம்ம மகளிர் சங்கத்துல அப்பளம் போடறோம். நீ வந்து கை கொடு. டைம் பாஸ் ஆகும்.”

டைம் பாஸ் ஆகாமல் யார் இங்கே தவித்தார்கள் என்று சீதாலட்சுமிக்கு வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டாள். வீட்டுக்காரம்மா அல்லவா.

இப்படியாக, அவள் கைக்கு இன்னும் வந்து சேராத மதியத்தை ஆளுக்கொரு துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம். கெட்ட எண்ணத்தில் கேட்டிருந்தால் ஒரு சண்டை போட்டு மிச்சம் பிடிக்கலாம். எல்லாரும் போதும் போதும் என்றுதான் கேட்டார்கள். ஒரு ரசம் போதும், ரெண்டு வாய் சோறு போதும், ஒரு கை போதும்.

அவளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம். ஏனென்றால் அவளுக்கு வேண்டியது சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே சிமென்ட் தரை ஜில்லென்று இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்த பிறகு அந்தத் தரையில் பாய்கூட இல்லாமல் முந்தானையை விரித்துப் படுத்துக்கிடக்க வேண்டும். தூக்கம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. சும்மா கிடக்க வேண்டும். கோடவுனில் நின்றுகொண்டே எத்தனையோ நாள் அவள் மனசுக்குள் அந்தத் தரையில் படுத்து எழுந்திருக்கிறாள். வேலையை விடுவதற்கு அவளிடம் இருந்த ஒரே காரணம் அதுதான். அந்தக் காரணத்தைத்தான் இப்போது பங்கு போட்டாயிற்று.

இரவு பாத்திரம் தேய்க்கும்போது குழாய் சொட்டுச் சொட்டாக வாளியில் விழுந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டதும் போன வருஷத்து ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. அன்றைக்குத்தான் குழாய் சொட்ட ஆரம்பித்தது. சாமிநாதனைக் கூப்பிட்டாள். “இன்னிக்கா? ஸ்பேனரு, ரெஞ்சு எல்லாம் பூஜையில வெச்சாச்சு. நாளைக்கு மறுபூஜை ஆகறவரைக்கும் தொடக் கூடாது, தெரியாதா உனக்கு?” என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் சாய்ந்துகொண்டான். அந்த ‘நாளைக்கு’ இன்னும் வரவில்லை. அவள் வாளியை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்பெனியில் பூஜை. பண்டிகை ஆஃபர் சேல் நடந்துகொண்டிருந்ததால் பண்டிகை அன்றைக்கு லீவு இல்லை. அதனால் முந்தின நாளே முடித்துவிடுவது வழக்கம். மஞ்சுநாத்திடம் அன்றைக்குச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் சீதாலட்சுமி போனாள். மஞ்சுநாத் மதிய ஷிஃப்ட்டின் சூப்பர்வைசர். சின்ன வயசு, எப்போதும் ஓட்டம், எப்போதும் வியர்வை. அவன் சம்பளமும் ஒன்றும் பிரமாதம் இல்லை என்று பேச்சு.

கோடவுன் அன்றைக்கு ஆளே மாறிப்போயிருந்தது. தள்ளுவண்டிகளில் வாழைக்கன்று, கம்பிகளில் சாமந்திச் சரம், துணிப் பெட்டிகள் ஓடுகிற பெல்ட்டுக்கு நீளமாக விபூதிப் பட்டை. ஒரு மேஜையில் ஜமக்காளம் விரித்து எல்லா ஸ்கேனர்களையும் வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள்.

“சீதக்கா, நீங்க இடுங்க குங்குமம். உங்க கை ராசி” என்றான் மஞ்சுநாத்.

சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் வாங்கிக்கொண்டாள். கை பாட்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு போனது. மனசு, எப்படிச் சொல்வது, என்னவென்று ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. மங்களாரத்தி எடுத்தார்கள். வாசலில் வேனுக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள். ஆளுக்கொரு பொட்டலம் பொரியும் ஒரு லட்டும் கொடுத்தார்கள். அதை வாயில் போட்டு முடிப்பதற்குள் விசில்.

“பூஜை ஆச்சல்லா? லைன் ஷுரு பண்ணுங்க! பேகா, சீக்கிரம்!”

சீதாலட்சுமி தன் ஸ்கேனரை எடுத்துச் சுட்டாள். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சுட்டாள். ம்ஹூம். எதிர் மேஜையில் கேத்தரின். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து ஆனேக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்தவள். அவளுடையதும் சுடவில்லை. வரிசையாக எல்லா மேஜையிலிருந்தும் ஆள் கூப்பிடும் சத்தம். மஞ்சுநாத் ஓடிவந்து ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்தான். கண்ணாடி மேலேயே சந்தனமும் அதற்கு மேல் குங்குமமும் கச்சிதமாக வட்டமாக உட்கார்ந்திருந்தன.

“ஐயோ அக்கா! நெத்தின்னு நெனச்சு கண்ணுலே வெச்சுட்டிங்க!”

கேத்தரின் விழுந்து விழுந்து சிரித்தாள். சீதாலட்சுமிக்கும் சிரிப்பு வந்தது. மஞ்சுநாத் கோபித்துக்கொள்ளவில்லை. சட்டை நுனியைக் கட்டைவிரலில் சுற்றி, ஒவ்வொரு ஸ்கேனராகப் பொட்டைத் துடைத்துக்கொண்டே போனான். துடைத்ததும் அது கீச்சென்று கத்தியது. துடைத்துத் துடைத்து ஆள் கையில் திணித்தான்.

“ஏன் சார், பூஜையில வெச்சதை உடனே எடுக்கலாமா? ஒரு நாளாவது விட வேணாமா?” என்று கேட்டாள் சீதாலட்சுமி.

“ஒரு நாள் விட்டா கம்பெனி நடக்குமா அக்கா? நம்ம பூஜை சாமிக்கு. மிஷினுக்கு இல்ல” என்றான் அவன்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. வருஷா வருஷம் அவளும்தான் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் அடுப்புக்கும் பொட்டு வைக்கிறாள். வைத்த பொட்டு காய்வதற்குள் அதே மிக்ஸியில் சட்னி அரைக்கிறாள். சாமிநாதனின் ஸ்பேனருக்கு ஒரு நாள் முழுக்க ஓய்வு. தர்ஷினியின் புத்தகத்துக்கு ஓய்வு. தொட்டால் பாவம். கரண்டியைத் தொட்டால் மட்டும் பாவம் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. மேஜையில் கிடந்த ஏதோ ஒரு புடவையை மடித்துக்கொண்டே நின்றாள். தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

டீ பெல் அடித்தது. பெல்ட் நின்றது. எல்லாரும் அட்டைப்பெட்டிகளை மடக்கிப் போட்டு உட்கார்ந்தார்கள். சீதாலட்சுமியும் காலை நீட்டி உட்கார்ந்தாள். பேப்பர் கப்பில் தண்ணியான டீ. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடவும் கூடாது; இது பிரேக். வீட்டில் எப்போது இப்படி உட்கார்ந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

“சொல்லிட்டியா?” என்றாள் கேத்தரின்.

“இன்னும் இல்லக்கா.”

“விட்டுட்டு இன்னா பண்ணுவே?”

சீதாலட்சுமி கப்பைக் கசக்கிப் போட்டாள். பதில் சொன்னால் அப்பளத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது மஞ்சுநாத்திடம் போய் நின்றாள். “சார், நான் நின்னுடலாம்னு இருக்கேன். கால் முடியல.”

அவன் முகம் வாடிவிட்டது. “சேல் டைம்ல சொல்றீங்களே அக்கா.” கொஞ்சம் யோசித்தான். “நான் ஃபோர்ஸ் பண்ண மாட்டேன். நாளைக்கு வரப்ப முடிவா சொல்லுங்க. விடறதுன்னா கேட்லயே கார்டைக் கொடுத்துடுங்க, நான் ஹொஸ ஆளை, புது ஆளைப் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. போயிட்டு ஆமேலே, அப்புறமா வரேன்னா மறுபடி எடுக்க மாட்டாங்க.”

வேனில் வரும்போது கார்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். போட்டோவில் இருந்த சீதாலட்சுமிக்கு இன்னும் கால் வீங்கவில்லை. அந்த வேலை அவளுக்குப் பிடிக்கவில்லை. அதில் மாற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் காத்துக்கொண்டிருந்த மதியமும் பிடிக்கவில்லை. ரசம், ருக்மிணியின் பிள்ளைகள், அப்பளம், தர்ஷினியின் தோழிகள். அதில் டீ பெல் எங்கே அடிக்கும்?

ஆயுத பூஜை அன்று கருக்கலிலேயே எழுந்துவிட்டாள். சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். கொண்டைக்கடலைச் சுண்டல் தாளித்தாள். பொரியில் வெல்லமும் பொட்டுக்கடலையும் கலந்து பெரிய தூக்கில் நிரப்பினாள். எல்லாம் கொஞ்சம் அதிகமாகவே செய்தாள். சாமிநாதன் பைக்கைக் கழுவி மாலை போட்டு, டூல்ஸ் பெட்டியைத் துடைத்துக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தான். தர்ஷினி புத்தகங்களை அடுக்கி மேலே லேப்டாப்பை வைத்தாள். செல்போனை வைக்கவில்லை. அது ஆயுதம் இல்லையாம்.

“மதியானம் ருக்மிணியும் பசங்களும் சாப்பிட வராங்க. வடை போட்டுடு சீதா, பசங்களுக்குப் புடிக்கும். நீ இன்னிக்குப் போய் கார்டைக் கொடுத்துட்டு அடுத்த வேன்லயே வந்துடு” என்றான் சாமிநாதன்.

சீதாலட்சுமி சமையலறைக்குப் போனாள். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். முதலில் குக்கர். அதன் பக்கத்தில் தோசைக்கல். அரிவாள்மனை, கத்தி, மிக்ஸி ஜாடிகள். பிறகு கரண்டிகள் எல்லாம், ஒன்று விடாமல். சாதக் கரண்டி, சாம்பார்க் கரண்டி, எண்ணெய்க் கரண்டி, கடைசியாக அடுப்புப் பற்றவைக்கிற லைட்டர். டூல்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி விரித்து அத்தனையையும் அடுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு சாமந்திப் பூ வைத்தாள். அவசரப்படவில்லை.

சாமிநாதனுக்கு விஷயம் பிடிபடவில்லை. நல்ல சம்பிரதாயம்தானே என்று பார்த்துக்கொண்டிருந்தான். கற்பூரம் காட்டினாள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பொங்கலும் சுண்டலும் சாப்பிட்டார்கள். வேன் வரும் நேரம் நெருங்கியபோது அவள் தலை சீவி, ஆணியில் மாட்டியிருந்த கார்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

“வடை?” என்றான் சாமிநாதன்.

“எதுல போடறது? எல்லாம் பூஜையில வெச்சாச்சு. நாளைக்கு மறுபூஜை ஆகறவரைக்கும் தொடக் கூடாது. தெரியாதா உங்களுக்கு?”

அவன் துணி மேல் கிடந்த கரண்டிகளைப் பார்த்தான். பக்கத்தில் தன் ஸ்பேனரைப் பார்த்தான். ஒரு நிமிஷம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

“வெளையாடாத சீதா. ருக்மிணி வராளே, அவளுக்கு என்னா பதில் சொல்றது?”

“பொங்கல் இருக்குது, சுண்டல் இருக்குது, தூக்கு நெறையப் பொரி இருக்குது. சாப்பிட்டுட்டு எல எடுத்துப் போடச் சொல்லுங்க. தேய்க்கறதுக்குப் பாத்திரம்கூட வைக்கல நானு.”

“உன் கார்டை மட்டும் பூஜையில வைக்கலையே?” என்றாள் தர்ஷினி. கிண்டலாகத்தான் கேட்டாள்.

“அது எனக்கு இன்னிக்கு வேணும்.”

“இன்னிக்குக் கொடுத்துடத்தானே போற?” என்றான் சாமிநாதன்.

சீதாலட்சுமி செருப்பைப் போட்டுக்கொண்டாள். வார் வீக்கத்தில் அழுந்தியது. குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தெம்பும் இல்லை.

“கொடுக்கப் போறதில்லங்க. அந்த வேலை மேல ஆசைப்பட்டு இல்ல. நின்னு நின்னு எனக்கு உசிரு போவுது. விடத்தான் போறேன். என்னிக்குன்னு கேட்டா, இந்தத் தரையில மதியானம் நான் படுத்துக் கெடக்கறப்ப ஒருத்தரும் வந்து எழுப்ப மாட்டீங்கன்னு என்னிக்கு எனக்குத் தெரியுதோ, அன்னிக்கு விடறேன். அதுவரைக்கும் என் மதியானத்தைப் பங்கு போடாதீங்க. நான் இன்னும் அதைக் கண்ணாலகூடப் பாக்கல.”

தெருவில் வேன் ஹாரன் அடித்தது. சமையலறையில் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் படி இறங்கிப் போனாள்.

ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்ததும் கண் சொருகியது. வேன் ஆனேக்கல்லைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. சாமிநாதன்.

“சீதா... ருக்மிணி வந்துட்டா. சின்னவன் சுண்டல் காரம்னு அழுவறான். தயிர் சோறு கேக்கறான். ராத்திரிச் சோறு மிச்சம் இருக்குது. ஒரே ஒரு கரண்டி மட்டும் எடுத்துக்கவா? சாமி ஒண்ணும் சொல்லாது இல்ல?”

போனுக்குள் பிள்ளையின் அழுகை கேட்டது. அதற்குப் பின்னால், வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தமும் கேட்டது. ஒரு வருஷமாக அவள் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த சத்தம்.

“எடுத்துக்குங்க. கூடவே ஸ்பேனரையும் எடுத்துக்குங்க” என்றாள். “கரண்டிக்கு ஒண்ணும் சொல்லாத சாமி அதுக்கும் ஒண்ணும் சொல்லாது.”

“சரி” என்றான் சாமிநாதன். எரிச்சலில் சொன்னானா, புரிந்து சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. யோசிக்கவும் அசதியாக இருந்தது. தலையைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

கோடவுன் வாசலில் கேத்தரின் தட்டி எழுப்பினாள். கேட்டில் செக்யூரிட்டிக்காரர் தட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகிறவர்கள் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மஞ்சுநாத் அங்கேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்றைக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்.

“கார்டா அக்கா, போனா?” என்றான்.

சீதாலட்சுமி போனை எடுத்துத் தட்டில் போட்டாள். அது மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தது. ருக்மிணியின் பேர் தெரிந்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, கார்டைக் கருவியில் காட்டி உள்ளே போனாள். கால் இப்போதே வலிக்க ஆரம்பித்திருந்தது. மேஜை மேல் திரும்பி வந்த துணிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. டீ பெல் அடிக்கும்போது கொஞ்சம் உட்காரலாம் என்று நினைத்துக்கொண்டு முதல் பொட்டலத்தைப் பிரித்தாள்.